வேர் தேடி இரண்டு நாள்: கோட்டையா, காத்தான்குடியா, காணிப் பதிவகமா?

டொரோண்டோவிலிருந்து மச்சாள் அனுப்பிய வாட்ஸ்அப் குரல் பதிவு மூன்று நிமிடம் ஓடியது. சாரம் இவ்வளவுதான்: இரண்டு கிழமை ஊரில் நிற்பாள், அதில் இரண்டு நாள் குடும்ப வரலாறு தேடுவதற்கு. பிள்ளைகள் இருவரும் கூட வருவார்கள். அவர்கள் இருக்கிற பக்கத்தில் ஒரு சின்ன நூதனசாலை உண்டாம். கீழே ஊர்ச் சாமான்கள், மேலே வம்சாவளி நூலகம். குடும்பப் பெயரைச் சொன்னால் போதும், அங்கே இருக்கிற அம்மா அலுமாரியைத் திறந்து ஒரு கோப்பை எடுத்து முன்னால் வைப்பாராம். "மட்டக்களப்பில அப்பிடி ஒண்டு எங்க இருக்கு மச்சான்?"

அப்படி ஒன்று இங்கே ஒரே கூரையின் கீழ் இல்லை. சாமான் ஓரிடம், கடதாசி ஓரிடம், ஞாபகம் வேறோரிடம். அதற்கும் மேலாக, எங்களுக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று இல்லை. என் பெயருக்கு முன்னால் நிற்பது அப்பாவின் பெயர். அவருடையதற்கு முன்னால் அவருடைய அப்பாவின் பெயர். மூன்று தலைமுறையில் மூன்று பெயர். அலுமாரியில் எந்த எழுத்தின் கீழ் தேடுவது?

ஆகவே எந்த இடத்துக்குப் போவது என்று கேட்பதற்கு முன் எதைத் தேடுகிறோம் என்று தீர்மானிக்க வேண்டியிருந்தது. மச்சாள் கேட்ட இரண்டாவது கேள்வி அதைத் தெளிவாக்கிவிட்டது. "எங்கட குடி என்ன?"

அவள் என் தாய்மாமாவின் மகள். இருவரும் ஒரே குடும்பம்தான். ஆனால் குடி ஒன்றல்ல. மட்டக்களப்பு, அம்பாறைக் கரையோரத்தில் குடி என்கிற குலம் தாய்வழியாக வருவது. என் குடி என் அம்மாவின் குடி. மாமாவுக்கும் அதே குடிதான், ஆனால் அது அவரோடு நின்றுவிடும். அவருடைய பிள்ளைகளுக்கு மாமியின் குடிதான். ஒரே குடிக்குள் கலியாணம் கூடாது என்ற விதி இருப்பதும், மச்சான் மச்சாள் முறைக்காரர் தாராளமாகக் கட்டலாம் என்பதும் இதனால்தான். தமிழருக்கு மட்டுமல்ல, இந்தக் கரையோரத்து முஸ்லிம்களுக்கும் தாய்வழிக் குடிதான். பிறப்புச் சான்றிதழ் தகப்பன் வழியில் நடக்கிறது, குடி தாய் வழியில் நடக்கிறது. ஒன்றில் தேடினால் மற்றது கிடைக்காது.

இதை மனதில் வைத்துக்கொண்டுதான் ஒவ்வோர் இடத்தையும் எடை போட்டேன்.

முதலில் கோட்டை. எல்லோரும் முதலில் சொல்வது அதுதான். புளியந்தீவில், வாவிக் கரையில், 1628இல் போர்த்துக்கேயர் கட்டியது. பத்தே வருடத்தில், 1638இல், கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கனோடு சேர்ந்து ஒல்லாந்தர் பிடித்துக்கொண்டார்கள். இலங்கையில் ஒல்லாந்தர் கையில் விழுந்த முதல் போர்த்துக்கேயக் கோட்டை இது. மதில் தடிப்பும் பீரங்கியும் பிள்ளைகளுக்குப் பிடிக்கும். மாவட்ட அரச அலுவலகமான கச்சேரி நீண்ட காலம் இந்த மதிலுக்குள்தான் இயங்கியது. அதனால் எங்கள் ஊர்ப் பெரியவர்களுக்குக் கோட்டை என்றால் ஒல்லாந்தர் ஞாபகம் வராது, காணிப் பெர்மிட்டுக்கு வரிசையில் நின்ற ஞாபகம்தான் வரும். உள்ளே பழம்பொருட்கள் கொஞ்சம் இருக்கின்றன, சுற்றிப் பார்க்க ஒரு மணித்தியாலம் தாராளம்.

ஆனால் குடும்பத்தைப் பற்றி இந்த மதில் ஒன்றும் சொல்லாது. கோட்டை ஆண்டவர்களுடைய கதை. எங்கள் ஆட்கள் அதற்கு வெளியே நெல் விதைத்துக்கொண்டு இருந்தவர்கள். பின்னேரம் வெயில் இறங்கினதும் காற்று வாங்கப் போகலாம், தேடலுக்கென்று ஒதுக்கிய காலை நேரத்தை இதில் செலவழிக்க வேண்டாம் என்றுதான் மச்சாளுக்கு எழுதினேன்.

ஒரு விதிவிலக்கு உண்டு. போர்த்துக்கேய, ஒல்லாந்த வழிவந்த பறங்கியர் குடும்பம் என்றால் கணக்கு முழுவதும் மாறும். அவர்களுக்குக் குடும்பப் பெயர் இருக்கிறது, தேவாலயப் பதிவேடும் இருக்கிறது. ஞானஸ்நானப் பதிவேட்டில் தகப்பன், தாய், ஞானப்பெற்றோர் என்று ஒரே வரியில் மூன்று உறவு கிடைக்கும். ஒல்லாந்த வழியினருக்குக் கொழும்பில் 1908இல் தொடங்கிய ஒல்லாந்தப் பறங்கியர் சங்கம் தன் சஞ்சிகையில் குடும்பம் குடும்பமாக வம்சாவளிகளை அச்சிட்டு வைத்திருக்கிறது. மட்டக்களப்புப் பறங்கியர் பெரும்பாலும் போர்த்துக்கேய வழி, கத்தோலிக்கர். அவர்கள் போக வேண்டியது பங்குக் கோவிலுக்கு. மச்சாள் கனடாவில் பார்த்த அந்த அலுமாரி முறை இந்த ஊரில் யாருக்காவது பொருந்துமென்றால் அவர்களுக்குத்தான். அவர்களிலும் டச்பார் (Dutch Bar) கரையில் இருந்த பல குடும்பங்களைச் சுனாமி கொண்டுபோய்விட்டது.

அடுத்தது காத்தான்குடி. நகரத்திலிருந்து தெற்கே கல்முனை வீதியில் பஸ்ஸில் கால் மணித்தியாலம்கூட ஆகாது. வீதி நடுவே பேரீச்ச மரங்கள் வரிசையாக நிற்கத் தொடங்கினால் வந்துவிட்டோம் என்று அர்த்தம். 2015இல் திறந்த பூர்வீக நூதனசாலை பல மாடிக் கட்டடம். இலங்கை முஸ்லிம்களின் வரலாற்றையும் வாழ்க்கையையும் ஆளுயர உருவங்களாகச் செய்து வைத்திருக்கிறார்கள். அரபு வணிகத்தில் தொடங்கி ஊர்த் தொழில், வீட்டுப் புழக்கம் என்று போகும். 1626இல் போர்த்துக்கேயர் தங்கள் பகுதிகளிலிருந்து முஸ்லிம்களை விரட்டியபோது, கண்டி மன்னன் செனரத் அவர்களில் பெருந்தொகையினரை மட்டக்களப்புப் பக்கம் குடியேற்றினான் என்பது இந்தக் கரையோரத்தின் கதையில் முக்கியமான அத்தியாயம். அது தெரியாமல் இங்கே ஊருக்கு ஊர் தமிழரும் முஸ்லிம்களும் ஏன் சங்கிலிக் கண்ணி போல அடுத்தடுத்து இருக்கிறார்கள் என்பது விளங்காது.

"நாங்க தமிழாக்கள், அங்க எங்களுக்கு என்ன இருக்கு?" என்று மச்சாள் கேட்டாள். நானும் முதல் தடவை போகும்போது அப்படித்தான் நினைத்தேன். போன வருடம் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். முழங்கால் வலி, மாடிப்படி வேண்டாம் என்று கீழேயே நிற்கப் பார்த்தவர், பழைய வீட்டுச் சாமான்களைக் கண்டதும் வாய் திறந்தார். எங்கள் வீட்டிலும் இருந்தது, அது யாருடைய சீதனத்தோடு வந்தது, 78ஆம் ஆண்டுச் சூறாவளியில் கூரை பறந்தபோது எது நொருங்கியது, எது தப்பியது என்று ஒரு மணித்தியாலம். அதுவரை நான் கேள்விப்படாத இரண்டு பெரியம்மாக்களின் பெயர் அந்த ஒரு மணித்தியாலத்தில் வந்தது. வீட்டில் இருத்தி வைத்து "அம்மா, பழைய கதை சொல்லுங்கோ" என்று கேட்டால் வராதது. நூதனசாலையால் எனக்குக் கிடைத்த பலன் அதுதான். அதில் எங்கள் குடும்பம் இல்லை, ஆனால் எங்கள் குடும்பத்தில் கதை தெரிந்தவரைப் பேச வைக்கிற சாமான் இருக்கிறது. ஆகவே பிள்ளைகளோடு வருபவர்கள் கூடவே ஒரு வயதானவரையும் கூட்டிப் போகவேண்டும் என்பது என் கட்சி. போக முன் திறந்திருக்கிறதா என்று யாரையாவது கேட்டுக்கொள்ளுங்கள், வெள்ளிக்கிழமையைத் தவிருங்கள்.

அம்பாறைப் பக்கம் தீகவாபியில் தொல்லியல் நூதனசாலை இருக்கிறது. கிறிஸ்துவுக்கு முன் 2ஆம் நூற்றாண்டில் சத்தாதிஸ்ஸ மன்னன் கட்டியதாகச் சொல்லப்படும் தூபி, சுற்றிலும் வயல். இரண்டாயிரம் வருடப் பழமையில் ஆர்வம் இருந்தால் போங்கள். கொள்ளுப்பாட்டியைத் தேடுபவருக்கு அது வேறு கதை. இரண்டு நாள் திட்டத்தில் முதலில் வெட்டியது அதைத்தான்.

இனி நூலகம். மட்டக்களப்புப் பொது நூலகத்துக்கும், வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழக நூலகத்துக்கும் போகலாம். பல்கலைக்கழகம் என்றால் முன்கூட்டியே அனுமதி கேட்டுக்கொள்வது நல்லது. ஆனால் வெளிநாட்டிலிருந்து வருபவர் இங்கே வந்து நூலகத்தில் நாளைக் கழிப்பது வீண் என்றே நினைக்கிறேன். 2005இல் தொடங்கிய 'நூலகம்' என்ற இணையத்தளத்தில் பாடசாலை மலர்களும் கோவில் கும்பாபிஷேக மலர்களும் ஊர்ச் சஞ்சிகைகளும் ஆயிரக்கணக்கில் ஏற்றப்பட்டிருக்கின்றன. டொரோண்டோவில் பனி கொட்டும்போது இருந்து வாசிக்க வேண்டிய வேலை அது. விமானம் ஏறுமுன் செய்து முடித்துவிட்டு வரவேண்டும்.

அதில் கட்டாயம் வாசிக்க வேண்டியவை இறந்தவர்களுக்காக 31ஆம் நாள் வெளியிடும் நினைவு மலர்கள். தேவாரம், புலம்பல் கவிதை எல்லாவற்றையும் தாண்டிக் கடைசிப் பக்கங்களுக்குப் போங்கள். யாருடைய மகன், யாருடைய மருமகன், சகோதரங்கள் யார், அவர்கள் எந்த ஊரில் கட்டினார்கள் என்று வரிசையாக இருக்கும். எங்கள் வம்சாவளி நூலகம் என்று ஒன்று உண்டென்றால் அது இந்த மெல்லிய மலர்கள்தான். பிழைகளும் உண்டு. சண்டைபிடித்துப் பிரிந்த சகோதரத்தின் பெயரை விட்டுவிடுவார்கள்.

குடிகளின் மூலக்கதைக்கு மட்டக்களப்பு மான்மியம் என்ற பழைய நூல் இருக்கிறது. ஏடுகளிலிருந்து எடுத்து எப்.எக்ஸ்.சி. நடராசா 1962இல் பதிப்பித்தது. உலகிப்போடி குடி, காலிங்கா குடி, படையாண்ட குடி, பணிக்கனா குடி என்று பெயர்கள் எங்கிருந்து வந்தன என்பதற்கு எல்லோரும் அதைத்தான் எடுப்பார்கள். நல்ல வாசிப்பு. ஆனால் அதிலிருந்து நேரே உங்கள் பூட்டனுக்குக் கோடு இழுக்க வேண்டாம். அதில் வரும் கலிங்க ராசாவுக்கும் உங்கள் பூட்டனுக்கும் இடையில் எத்தனை தலைமுறை என்று யாராலும் சொல்ல முடியாது. மச்சாளின் மூத்தவன் அந்த அரச வம்சக் கதையைக் கேட்டதும் உடனே நம்பிவிட்டான். அவனைக் குறை சொல்ல முடியாது, எங்கள் ஊரில் அறுபது வயதுக்காரரே நம்புகிறார்கள்.

சரி, கடதாசிக்கு வருவோம். பிறப்பு, இறப்பு, விவாகப் பதிவுகள் 19ஆம் நூற்றாண்டின் இரண்டாம் பாதியிலிருந்து ஒழுங்காக நடக்கின்றன; பிரதிக்குப் பிரதேச செயலகத்தில் விண்ணப்பிக்கலாம். கையில் பெயர், ஊர், ஏறக்குறைய ஆண்டு மூன்றும் இருக்கவேண்டும். இரண்டு விடயம் வெளியூர்க்காரர் தவறவிடுவது. ஒன்று, அம்பாறை தனி மாவட்டமானது 1961இல்தான். அதற்கு முந்திய கடதாசிகளில் காரைதீவு, கல்முனை, அக்கரைப்பற்று எல்லாமே மட்டக்களப்பு மாவட்டம் என்று இருக்கும். இரண்டு, பழைய பதிவுகளில் பெயரை ஆங்கிலத்தில் காதில் விழுந்தபடி எழுதி வைத்திருப்பார்கள். எங்கள் அம்மம்மாவின் பிறப்புப் பதிவுக்காக நான் ஒரு கந்தோரில் மூன்று நாள் ஏறி இறங்கினேன். முதல் நாள் "அப்படி ஒரு பெயர் இல்லை." இரண்டாம் நாள் உரிய உத்தியோகத்தர் லீவு. மூன்றாம் நாள் ஓர் இளம் பிள்ளை, "ஐயா, வீட்டில என்ன பேர் சொல்லிக் கூப்பிடுவீங்க?" என்று கேட்டது. வீட்டுப் பெயரில்தான் பதிந்திருந்தார்கள். இரண்டே நாள் வைத்திருக்கிற மச்சாளை இந்த வரிசையில் நிறுத்துவதில்லை என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். விண்ணப்பத்தை நான் போடலாம், பிரதி வந்ததும் படம் எடுத்து அனுப்பலாம். அவளே நேரில் வந்து நிற்க வேண்டிய வேலை அல்ல.

கொழும்பு 7இல் தேசிய சுவடிக்கூடம் இருக்கிறது. ஒல்லாந்தர் கால, பிரித்தானியர் கால அரசாங்க ஆவணங்கள் அங்கேதான். குடும்பத்தில் யாராவது உடையார், வன்னிமை என்று அரச உத்தியோகம் பார்த்திருந்தால் மாத்திரம் பயணச் செலவுக்குப் பெறுமதி உண்டு. வயல் செய்த சனத்துக்கு அங்கே பெயர் கிடைப்பது அருமை.

இந்தக் கடதாசிகள் எல்லாம் தகப்பன் வழியில் ஓடுபவை. தாய் வழியில் ஓடுகிற ஒரு கடதாசி இருக்கிறது, அதைப் பலர் யோசிப்பதே இல்லை: வீட்டு உறுதி, அதாவது சொத்துப் பத்திரம். இந்தக் கரையோரத்தில் வீடும் வளவும் பெண்பிள்ளைக்குச் சீதனம். மாப்பிள்ளைதான் பெண்வீட்டுக்குப் போவார். கல்லடிக்காரரான மாமா காரைதீவுக்குப் போய் மாமியின் வீட்டில் வாழ்ந்தது அப்படித்தான். அந்த வீடு மாமிக்கு அவருடைய அம்மா எழுதியது, அவருக்கு அவருடைய அம்மா எழுதியது. முந்திய காலத்தில் இது இன்னும் இறுக்கம். முக்குவர் சட்டம் என்று ஒன்று நடைமுறையில் இருந்தது. அதன்படி ஓர் ஆணின் முதுசச் சொத்து, அதாவது பரம்பரையாக வந்த சொத்து, அவனுடைய பிள்ளைகளுக்கு அல்ல, அவனுடைய சகோதரியின் பிள்ளைகளுக்குத்தான் போகும். 1876ஆம் ஆண்டு 15ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் வந்தபின் அந்த வழக்கம் சட்டத்தில் இல்லாமல் போயிற்று. சீதனம் போகவில்லை.

உறுதியின் வசதி என்னவென்றால் அது பின்னோக்கி நடக்கும். காணி தனக்கு எப்படி வந்தது என்று எழுதிக் கொடுப்பவர் சொல்லவேண்டும்: இன்ன இலக்கம், இன்ன திகதி, இன்ன நொத்தாரிசு அத்தாட்சிப்படுத்திய உறுதிப்படி என்று. அந்த இலக்கத்தைப் பிடித்துக்கொண்டு போனால் அடுத்த உறுதி, அதிலிருந்து அதற்கு முந்தியது. நான்கு எல்லையிலும் யார் யார் வளவு என்றும் இருக்கும்; அவர்களில் பாதிப்பேர் சகோதரிகளாகத்தான் இருப்பார்கள், ஏனென்றால் தாயின் வளவைத்தான் பிரித்துக் கொடுத்திருப்பார்கள். வீட்டிலிருந்த மூலப் பிரதி சூறாவளியிலோ இடம்பெயர்விலோ சுனாமியிலோ போயிருந்தாலும், நொத்தாரிசு அனுப்பிய இரண்டாம் பிரதி காணிப் பதிவகத்தில் இருக்கும். காரைதீவு வீட்டு உறுதியும் 2004இல் கடலோடு போனதுதான். மாமி பின்னர் பதிவகத்தில் பிரதி எடுத்து வைத்திருந்தார்.

கடைசியாகக் கோவிலும் மூத்தோரும். கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீச்சரர் கோவிலுக்கு வாவியின் மேற்குப் பக்கமான படுவான்கரை போகவேண்டும். முன்பு மண்முனையில் படகுப் பாதைக்குக் காத்திருக்கவேண்டும், 2014இல் பாலம் வந்தபின் ஆரையம்பதியிலிருந்து சுகமான ஓட்டம். காத்தான்குடிக்கு அடுத்தது ஆரையம்பதி என்பதால் இரண்டையும் ஒரு நாளில் அடக்கலாம். பறங்கித் தளபதிக்கு முன்னால் கல் நந்தி எழுந்து புல்லுத் தின்ற கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்ல அங்கே ஆள் இருக்கும். பெரியவர்கள் கவனிக்க வேண்டியது வேறு. இந்தப் பக்கத்துப் பழைய கோவில்களில் நிர்வாகம் பார்க்கும் வண்ணக்கர் யார், திருவிழாவில் எந்த நாள் யாருக்கு, முதல் மரியாதை எவருக்கு என்பதெல்லாம் குடிக் கணக்கு. முஸ்லிம் ஊர்களில் பள்ளிவாசலுக்குக் குடிக்கொரு மரைக்காயர் என்று நிர்வாகி இருந்ததும் அதே கணக்கு. உங்கள் குடி என்ன என்பதற்குச் சாட்சி சொல்லக்கூடிய இடம் இதுதான். ஆனால் போனவுடன் "எங்கட குடி என்ன?" என்று கேட்காதீர்கள். குடிக்குப் பின்னால் சாதி நிற்கிறது, முதல் மரியாதைக்காக நடந்த வழக்குகள் நிற்கின்றன. தெரியாதவருக்கு யாரும் சொல்லமாட்டார்கள், சொல்லவும் கூடாது. முதலில் வீட்டு மூத்தவரிடம் கேட்டுக்கொண்டு போங்கள்.

ஆக, நான் போட்டுக் கொடுத்த திட்டம்: முதல் நாள் காத்தான்குடி, கொக்கட்டிச்சோலை, பின்னேரம் கோட்டை மதிலில் காற்று. இரண்டாம் நாள் முழுவதும் காரைதீவில் மாமியின் தமக்கை வீடு. மச்சாளுக்கு இரண்டாம் நாள் பிடிக்கவில்லை. "பெரியம்மாவ எப்ப வேணுமெண்டாலும் பாக்கலாம்தானே, கச்சேரிக்குப் போவம்." பெரியம்மாவுக்கு எண்பத்தேழு வயது என்று மட்டும் சொன்னேன்.

வெற்றிலை வட்டாவை மடியில் வைத்துக்கொண்டு பெரியம்மா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "நீ எங்கட குடி, புள்ள. இவன் வேற குடி. இது தெரியாமத்தான் கனடாவில இருந்து வந்தியா?" மறுகா தொடங்கினார். தன் அம்மா, அவருடைய அம்மா, அவருக்கு மூத்தவர், வயித்துவார் வயித்துவாராக, அதாவது தாய்வழிக் கிளை கிளையாக. மச்சாளின் மகள் போனில் பதிந்துகொண்டிருந்தாள். ஐந்தாவது பெயரில் பெரியம்மா நின்றுவிட்டார். அதற்கு மேல் தெரியாதாம்.

மச்சாள் உறுதிப் பிரதிகளின் கட்டை விரித்தாள். மாமி எடுத்து வைத்ததிலேயே பழையது கடைசியில் இருந்தது. எழுதிக் கொடுத்தவரின் பெயர் பெரியம்மா சொன்ன அதே ஐந்தாவது பெயர். கையெழுத்து இருக்கவேண்டிய இடத்தில் ஒரு பெருவிரல் அடையாளம். பிரதியின் பிரதி என்பதால் கறுப்பாக ஒரு திட்டு, அவ்வளவுதான்.

சந்திக் கடைக்குப் போய் அந்தப் பக்கத்தை மட்டும் ஐந்து பிரதி எடுத்தாள்.